குடியும் கூடுகையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2013இல் வெளிவந்த ‘ஹோம் ரன்’ படத்தை எங்கள் சபையின் வாலிபர் கூடுகையில் திரையிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். குடியால் சீரழிந்த பேஸ்பால் வீரர் ஒருவர் விசுவாசத்தால் மீண்டு வரும் கதை. பார்க்கும்போது நானும் கலங்கினேன். ஆனால், ஜெபித்தால் குடி நின்றுவிடும் என்று படம் சொல்வதாகத் தோன்றுகிறது. குடிநோயாளிகள் உள்ள குடும்பங்கள் எங்கள் சபையில் பல உண்டு. அவர்களுக்கு இது நன்மை செய்யுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தாராளமாகத் திரையிடுங்கள். கதாநாயகன் கோரி பிராண்ட் குடியால் ஆட்டத்திலிருந்து ஒதுக்கப்பட்டு, ஓக்லஹோமாவிலுள்ள தன் சொந்த ஊருக்கு வந்து, சிறுவர் அணிக்குப் பயிற்சியளித்துக்கொண்டே வேண்டாவெறுப்பாக ஒரு மீட்புக் குழுவின் கூட்டங்களுக்குப் போகிறான். அங்கே சாதாரண மனிதர்கள் எழுந்து, தாம் செய்ததையும் தமக்குச் செய்யப்பட்டதையும் பிறர் முன்னிலையில் சொல்லும் காட்சிகளே படத்தின் உயிர் என்பேன். குடிகாரத் தகப்பனிடம் பட்ட காயத்தை அவன் வாய்திறந்து சொல்ல முடிவதும் அந்தச் சூழலில்தான். படத்தில் ஜெபம் இருக்கிறது. ஆனால் அது பிறர் காதுபட உண்மையைச் சொல்வதோடு பிணைந்திருக்கிறது.

படத்தில் வரும் அந்த மீட்புக் குழுவான ‘செலிபிரேட் ரிக்கவரி’ உண்மையாகவே நடந்துவரும் ஓர் இயக்கம். கலிஃபோர்னியாவின் சேடில்பேக் சபையில், குடியிலிருந்து மீண்ட ஜான் பேக்கரும் போதகர் ரிக் வாரனும் 1991இல் அதைத் தொடங்கினார்கள். அதன் எட்டுக் கொள்கைகள் மலைப்பிரசங்கத்தின் பாக்கிய வசனங்களை ஒட்டியவை. ‘ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள்’ என்பதோடு இணைந்த முதல் கொள்கை, நான் கடவுள் அல்லன், இதை என்னால் தனியாக அடக்க முடியாது என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. தன் உடல் வலிமையை நம்பியே வாழ்ந்து, கூட்டத்தின் கைதட்டலில் வளர்ந்த ஒரு விளையாட்டு வீரனுக்கு இதைவிடக் கடினமான சொல் இருக்க முடியாது; இந்தக் கதைக்கு விளையாட்டு வீரனைத் தேர்ந்தது பொருத்தமானது என்று நான் கருதுவது அதனால்தான்.

உங்கள் ஐயத்தில் நியாயமும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு வாழ்வை நிமிர்த்தியாக வேண்டிய அவசரம் இவ்வகைப் படங்களுக்கு இருக்கிறது. மீண்டவர் மறுபடி விழுவது அதில் அடங்குவதில்லை. ஜோஷ் ஹாமில்டனைப் பாருங்கள். 1999இல் அமெரிக்க பேஸ்பால் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதலாவதாக எடுக்கப்பட்டவர், போதையால் சில ஆண்டுகள் ஆட்டத்தையே இழந்து, தன் விசுவாசத்தை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு 2007இல் திரும்பி வந்தார். கையில் காசு இருந்தால் ஆபத்து என்பதால், பயணங்களில் அவருடைய உணவுப்படியை ஜானி நாரன் என்ற பயிற்சியாளர் வாங்கி வைத்துக்கொள்வார். 2009இல் ஹாமில்டன் மறுபடி குடித்தார். 2010இல் டெக்சாஸ் அணி ஒரு முக்கியத் தொடரை வென்றபோது, வழக்கமான ஷாம்பெயினை விட்டுவிட்டு, சக வீரர்கள் அவர்மீது ஜிஞ்சர் ஏல் என்ற மதுவில்லாத இஞ்சிப் பானத்தைப் பீய்ச்சிக் கொண்டாடினார்கள். அந்த ஆண்டே, அங்குள்ள இரு பெரும் பேஸ்பால் பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்குக் கிடைத்தது. 2012இல் மீண்டும் ஒரு சறுக்கல். அவருடைய விசுவாசம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மனிதனைச் சுற்றி எத்தனை பேர், எத்தனை காலம் நிற்க வேண்டியிருக்கிறது என்பதற்கு அந்த ஜிஞ்சர் ஏல் புட்டிகள் எனக்குப் போதுமான சாட்சி.

ஒன்றை மட்டும் படம் முடிந்ததும் அவசியம் சொல்லுங்கள். நெடுங்காலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போகலாம். ஆகவே, அன்றிரவே உணர்ச்சிவசப்பட்டு ‘இனிக் குடிக்கமாட்டேன்’ என்று ஒருவர் பொருத்தனை செய்தால், அவரை மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும். முடிந்தால், குடியை விட்டுப் பல ஆண்டுகளான ஒருவரையும் அழைத்துப் பேசச் சொல்லுங்கள். அவர் தாம் விழுந்த நாட்களையும் மறைக்காமல் சொல்லட்டும். குடும்பத்தார் கேள்வி கேட்கவும் நேரம் ஒதுக்குங்கள்.