சர்க்கரையும் ஈஸ்ட்டும் தரும் கரியமில வாயு: செடித்தொட்டி வளர்ப்போரின் கேள்விகளுக்குப் பதில்கள்

என் இரண்டடி மீன்தொட்டியில் ரோட்டலா மக்ராண்ட்ரா என்ற நீர்ச்செடி செக்கச்செவேலென்று வளர்ந்து நிற்கும் படத்தைப் போன வாரம் பகிர்ந்திருந்தேன். செடி வளரக் கரியமில வாயு தருவது சிலிண்டர் கிடையாது, சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுக் குழாய் வழியே தொட்டியோடு இணைத்த பாட்டில்தான் என்று எழுதியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பலர் ஒன்றையே கேட்டிருந்ததால் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கோவையிலிருந்து: அண்ணா, அளவைச் சரியாகச் சொல்லுங்கள். ஆளுக்கு ஓர் அளவு சொல்கிறார்கள்.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர், 200 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உலர் ஈஸ்ட், அரைத் தேக்கரண்டி ஆப்பசோடா. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சூடு அதிகமானால் ஈஸ்ட் செத்துவிடும். பாட்டிலின் மேல்பாதி காலியாகவே இருக்கட்டும், நுரை எழும்ப இடம் வேண்டும்.

சர்க்கரையைக் கூட்டினால் வாயுவும் கூடும் என்று நினைத்து அரைக்கிலோ கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவோடு சாராயத்தையும் உண்டாக்குகிறது. அந்தச் சாராயம் ஓர் அளவைத் தாண்டினால் ரொட்டி ஈஸ்ட்டால் தாக்குப்பிடிக்க முடியாது. லிட்டருக்கு 200 கிராம் என்பது ஏறக்குறைய அந்த எல்லை. முழுவதும் புளித்தால் அதிலிருந்து சுமார் 100 கிராம் கரியமில வாயு, அதாவது 50 லிட்டருக்கும் மேல் கிடைக்கும். சென்னை வெயிலில் எனக்கு ஒரு பாட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் வருகிறது.

திருச்சியிலிருந்து: பாட்டிலில் நுரை பொங்குகிறது, தொட்டியில் ஒரு குமிழிகூட வரவில்லை.

கசிவுதான். மூடியில் குழாயின் தடிமனைவிடச் சற்றே சிறிய துளை போட்டு, குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டி உள்ளே நுழைத்து, மறுபக்கம் குறட்டால் பிடித்து இழுங்கள். அந்த இறுக்கமே பாதி வேலையை முடித்துவிடும். பிறகு சோப்பு நீர் தடவிப் பாருங்கள், கசிகிற இடம் குமிழியிட்டுக் காட்டிக்கொடுக்கும். சிலிக்கான் குழாயின் சுவர் வழியாகவே கரியமில வாயு மெல்ல வெளியேறும், அதனால் பி.வி.சி. குழாய் நல்லது. தொட்டித் தண்ணீர் பாட்டிலுக்குத் திரும்பாமலிருக்க வழியில் ஒருவழி வால்வு கட்டாயம்.

சேலத்திலிருந்து: செடிகளுக்கு இரவில் இந்த வாயு தேவையில்லை என்கிறார்கள். வால்வை மூடிவைக்கலாமா ஐயா?

மூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள். நீங்கள் வால்வை மூடினாலும் ஈஸ்ட் வேலையை நிறுத்தாது, உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பாட்டில் வெடிக்கலாம், மூடி தெறிக்கலாம். கண்ணாடிப் புட்டியை இதற்குத் தொடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். குளிர்பான பாட்டில் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது, ஆனால் அதற்கும் எல்லை உண்டு. குழாய் நுனியில் வாயுவைப் பொடிக்குமிழிகளாக்கும் டிஃப்யூசர் அடைத்துக்கொண்டாலும் இதே ஆபத்துதான். வாரம் ஒருமுறை அதைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

இரவில் வேண்டியது காற்றுக்கல். விளக்கு அணைந்ததும் காற்று மோட்டார் ஓடும்படி டைமர் வைத்துவிட்டால், மேற்பரப்பு கலங்கி மிச்ச வாயு வெளியேறும்.

புதுச்சேரியிலிருந்து: காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பசியா?

பசி இல்லை அம்மா, மூச்சுத்திணறல். உடனே குழாயைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துப் போடுங்கள், காற்று மோட்டாரை ஓட்டுங்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

இருட்டில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுகின்றன, பாட்டிலும் விடாமல் அனுப்புகிறது. விடியற்காலையில்தான் தண்ணீரில் கரியமில வாயு உச்சத்தில் இருக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தாலும், கரியமில வாயு மிகுந்துவிட்டால் மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சரியாக ஏற்றுக்கொள்ளாது. முதல் வருடம் நான் இரண்டு பாட்டில்களை ஒரே மாலையில் புதிதாகக் கலந்து ஒரே தொட்டியில் மாட்டினேன். காலையில் ஆறு நியான் டெட்ராக்கள் அடியில் கிடந்தன. அந்த ஆறும் என் அவசரத்தால் செத்தவை. அன்றிலிருந்து புதுப் பாட்டிலை விடுமுறை நாளின் காலையில்தான் மாட்டுகிறேன், பகல் முழுவதும் பக்கத்தில் இருந்து பார்க்க முடியும்.

தாம்பரத்திலிருந்து: எங்கள் வீட்டில் போர் தண்ணீர். வாயு போதுமா, அதிகமா என்று எப்படி அறிவது?

கே.எச். (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை), பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) இரண்டையும் வைத்துக் கணக்கிடும் அட்டவணை உண்டு. கே.எச். 4 உள்ள தண்ணீரில் பி.எச். 6.6 என்றால் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் வாயு இருக்கிறது. கே.எச். 12 உள்ள போர் தண்ணீரில் பி.எச். 7.1-இலேயே அந்த அளவை நெருங்கிவிடும். 30 என்பது செடிகளுக்குத் தாராளம், மீன்களுக்கு அதற்கு மேல் வேண்டாம். ஆனால் தொட்டியில் மரக்கட்டை இருந்தால் அதன் சாயமும் பி.எச்.-ஐக் குறைக்கும், அட்டவணை பொய் சொல்லும்.

அதனால் டிராப் செக்கர் வாங்குங்கள், தொட்டிக்குள் ஒட்டிவைத்தால் வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் சிறு குப்பி அது. அதற்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றக் கூடாது, கே.எச். 4 உள்ள நீர்தான் வேண்டும். அதை வீட்டிலேயே செய்யலாம். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் ஒரு லிட்டரில் 1.2 கிராம் ஆப்பசோடா கரையுங்கள், அது கே.எச். 40. அதில் 100 மில்லி எடுத்து 900 மில்லி வடிநீரோடு கலந்தால் 4. இதில் புரோமோதைமால் புளூ என்ற நிறங்காட்டியைச் சில சொட்டு விட வேண்டும். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் ஆபத்து. நிறம் மாற இரண்டு மணி நேரம்கூட ஆகும், ஆகவே அதை நம்பி மீனைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

மதுரையிலிருந்து: சித்திரை வெயிலில் நாலே நாளில் பாட்டில் ஓய்ந்துவிடுகிறது.

வெப்பம் ஏறினால் ஈஸ்ட் பரபரவென்று தின்று தீர்த்துவிடும். பாட்டிலை ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள், ஈஸ்ட்டைச் சிட்டிகையாகக் குறையுங்கள். இன்னும் நல்ல வழி சர்க்கரையைக் கட்டியாக்குவது. அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் சைனா கிராஸைக் காய்ச்சிக் கரைத்து, 200 கிராம் சர்க்கரையும் ஆப்பசோடாவும் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பாட்டிலில் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பாட்டில் சுருங்கிவிடும். அது உறைந்த பிறகு அரை லிட்டர் தண்ணீரும் ஈஸ்ட்டும் மேலே. சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வருவதால் வாயு சீராக வரும். ஜெலட்டின் வேண்டாம், மதுரை வெயிலில் அது இளகிவிடும்.

தஞ்சையிலிருந்து: ஈஸ்ட்டுக்குப் பதில் இட்லி மாவு போடலாமா?

நல்ல கேள்வி. மாவு பொங்குவதும் கரியமில வாயுவால்தான், ஆனால் அங்கே பெரும்பங்கு வேலை பாக்டீரியாவுடையது. வாயு கொஞ்சம், புளிப்பு அதிகம். நாற்றமும் சேரும். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாம், நுரை மட்டும் கூடுதலாக வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: என்னிடம் கிரிப்டோகொரைன் வென்டியும் வாலிஸ்னேரியாவும் மட்டுமே உண்டு. எனக்கும் இது தேவையா?

தேவையில்லை. வென்டி உங்கள் இலங்கை மண்ணுக்கே உரிய செடி, குறைந்த ஒளியிலேயே நிதானமாக வளரும். வாலிஸ்னேரியாவால் தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தே கரிமத்தை எடுத்துக்கொள்ள முடியும்.

வேலூரிலிருந்து: மூன்று மாதமாக வாயு கொடுக்கிறேன். இலை ஓரமெல்லாம் கறுப்புத் தாடிப் பாசி.

முதல் நாள் பொங்கி வந்து பத்தாம் நாள் அடங்குகிற வாயுவைத்தான் நான் சந்தேகிப்பேன். ஏற்றமும் இறக்கமும் செடியைத் தடுமாறச் செய்யும், அந்த இடைவெளியில் பாசி பிடித்துக்கொள்ளும். இரண்டு சிறு பாட்டில்களை ஒரே குழாயில் இணைத்து, இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றொன்று என்று மாற்றுங்கள். ஒன்று தளரும்போது மற்றொன்று தூக்கிப் பிடிக்கும். விளக்கை ஏழு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள். பாசி படிந்த இலைகளை வெட்டிவிடுங்கள், அவை மீளாது.

ஈரோட்டிலிருந்து: டிஃப்யூசரில் வெள்ளையாகச் சளிபோல் படிகிறது.

கேடில்லை, இறால்களே தின்றுவிடும். ஆனால் தொட்டித் தண்ணீரே பால்போல் கலங்கினால் கரைசல் உள்ளே வந்துவிட்டது என்று பொருள். பாதித் தண்ணீரை மாற்றிக் காற்று விடுங்கள். அடுத்த முறை நடுவில் பாதியளவு தண்ணீர் நிரப்பிய சிறு பாட்டில் ஒன்றைச் சேருங்கள், நுரை அதிலேயே தங்கிவிடும்.

நெல்லையிலிருந்து: நான்கடித் தொட்டி வாங்கியிருக்கிறேன். எத்தனை பாட்டில் வேண்டும்?

அதற்கு இது வேண்டாம் தம்பி. இருநூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டிக்கு ஐந்தாறு பாட்டில் கலந்துகொண்டே இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். என் அனுபவத்தில் அறுபது எழுபது லிட்டர் வரைக்கும்தான் இந்த முறை சரிப்படும். பணம் சேர்த்து ரெகுலேட்டரோடு ஒரு சிலிண்டர் வாங்குங்கள், அதை மட்டும் இரவில் மூடலாம். அதுவரை அந்தத் தொட்டியில் வாலிஸ்னேரியா நட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் பின்பக்கக் கண்ணாடியே தெரியாது.