நீக்கும் உரிமையும் பேசும் உரிமையும்: கேள்வி பதில்

பணிநீக்க வழக்குகளில் இரு தரப்புக்காகவும் வாதாடியவன் என்ற முறையில், வந்த கேள்விகளில் என் துறைக்குள் அடங்குபவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நிறுவனம் என்னுடையது, முதலீடு என்னுடையது. விரும்பாத ஒருவரை நீக்க நான் ஏன் காரணம் சொல்ல வேண்டும்?

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மான்டானா மாநிலம் மட்டும் 1987 இல் தனிச் சட்டம் இயற்றி, தகுதிகாண் பருவத்தை முடித்த ஊழியரை நீக்கத் தக்க காரணம் வேண்டும் என்றது. ஆனால் காரணம் தேவையில்லை என்பதற்கு எந்தக் காரணத்துக்காகவும் நீக்கலாம் என்று பொருளில்லை. இனம், மதம், பாலினம், தொழிற்சங்க நடவடிக்கை ஆகியவற்றுக்காக நீக்குவது அங்கும் சட்டவிரோதமே. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆம் உடன்படிக்கை (1982) இதற்கு நேர்மாறான இடத்தில் தொடங்குகிறது: தொழிலாளியின் திறன், அவருடைய நடத்தை, நிறுவனத்தின் செயல்பாட்டுத் தேவை ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டாமல் நீக்கக் கூடாது; நடத்தையைக் குறை சொன்னால் அவர் தம் தரப்பைச் சொல்ல முதலில் வாய்ப்புத் தர வேண்டும். இந்தியா இதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை என்றாலும், உள்விசாரணை நடத்தாமல் ஒழுங்கீனத்துக்காக ஒருவரை நீக்கிவிட்டு இந்தியத் தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்பது எளிதன்று.

கேள்வி: நீக்கிய பிறகு, காரணத்தை மற்ற ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அறிவிக்கலாமா?

"இன்னார் இப்போது எங்களிடம் பணியாற்றவில்லை, இனி இன்னாரை அணுகவும்" என்ற அளவில் தாராளமாக அறிவிக்கலாம். அதற்கு மேல் ஒரு சொல் எழுதும் முன் பணிநீக்க ஆணையை எடுத்து மீண்டும் ஒருமுறை படியுங்கள். ஆணையில் ஆட்குறைப்பு என்றும், வெளியில் "வேலை செய்யத் தெரியாதவர்" என்றும் சொன்ன நிர்வாகங்களை நான் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். அது மிகச் சுலபமான வேலை. ஆட்குறைப்பு உண்மையானால் இந்த இழிவுரை எதற்கு என்று கேட்பேன்; இழிவுரை உண்மையானால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை எங்கே, விசாரணை எங்கே என்று கேட்பேன். தகுதிகாண் பருவத்தினரைச் சாதாரணமாக விடுவிப்பதாகச் சொல்லும் ஆணையும், களங்கம் சுமத்துமானால், இந்திய நீதிமன்றங்களில் தண்டனையாகவே கருதப்படும். ஆணையில் இல்லாத காரணத்தை வெளியில் சொல்லாதீர்கள்.

கேள்வி: இழப்பீட்டுத் தொகையை எப்படிக் கணக்கிடுவது?

இது இங்கே பேசும் பொருளன்று. உங்கள் பணி ஒப்பந்தத்துடன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை அணுகுங்கள்.

கேள்வி: நான் சொல்வது உண்மையாக இருந்தால் அவதூறு எப்படி ஆகும்?

உரிமையியல் வழக்கில் உண்மை உங்களைக் காக்கும். ஆனால் உண்மை என்று நிறுவும் பொறுப்பு, சொன்ன உங்களுடையது. இந்தியக் குற்றவியல் சட்டத்தில் அது உண்மையாக இருப்பதோடு, பொதுநன்மைக்காகச் சொல்லப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அவதூறிலிருந்து தப்பினாலும் தனியுரிமையும் தரவுப் பாதுகாப்பும் எஞ்சியிருக்கின்றன: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, ஊழியரின் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பும் அவருடைய தனிப்பட்ட தரவே.

அதே அன்பர் மீண்டும்: அப்படியானால் பேச்சுரிமை தொழிலாளிக்கு மட்டும்தானா?

இல்லை. 1969 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, தொழிற்சங்கத்தைப் பற்றி முதலாளி தம் கருத்தைச் சொல்லலாம் என ஏற்றது; பழிவாங்குவேன் என்ற மிரட்டலோ சலுகை தருவேன் என்ற வாக்குறுதியோ அதில் இருக்கக் கூடாது என்பதே எல்லை. நீங்கள் கருத்துரிமையைக் கேட்கவில்லை. குறிப்பிட்ட ஒரு மனிதர் அடுத்த வேலை தேடும் நேரத்தில் அவரைப் பற்றிப் பேசும் உரிமையைக் கேட்கிறீர்கள்.

மூன்றாம் முறையாக: அவர் சமூக ஊடகத்தில் என்னைத் திருடன் என்கிறார். நான் வாய்மூடி இருக்க வேண்டுமா?

இதில் உங்கள் பக்கம் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் என் பதிலும் வேறாக இருந்திருக்கும். தாக்கப்பட்டவர் தாக்குதலின் அளவுக்கு மறுமொழி தருவதை, நீதிமன்றத் தீர்ப்புகளின் வழி இங்கிலாந்தில் உருவான பொதுச் சட்ட மரபு ஏற்கிறது. "ஊதியப் பாக்கி இன்ன தேதியில் செலுத்தப்பட்டது" என்று மறுங்கள். அவருடைய விடுப்புக் கணக்கையும் குடும்பச் சண்டையையும் அதில் இழுக்காதீர்கள். அவர் சொல்வதெல்லாம் பொய்யென்றும் எண்ணிவிட வேண்டாம்: முதியோர் காப்பகத்தின் குறைகளைப் பற்றிக் குற்றப் புகார் அளித்ததற்காக நீக்கப்பட்ட ஜெர்மானியச் செவிலியரின் வழக்கில், அவருடைய கருத்துரிமை மீறப்பட்டது என 2011 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேள்வி: பெயரைக் குறிப்பிடாமல் எழுதினால்?

படிப்பவருக்கு ஆள் யாரென்று புரிந்தால், பெயரை எழுதியதற்குச் சமம்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டால்?

இரண்டாம் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பதவி மட்டும் போட்டு, பெயரை விட்டுவிட்டால்?

அந்தப் பதவியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, மேலே பெயர் பற்றிச் சொன்னதைப் படியுங்கள். ஆணையில் இல்லாததை எந்தக் குழுவிலும் எழுதாதீர்கள் என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: நீக்கப்பட்டவரைப் பற்றிப் புதிய நிறுவனம் விசாரித்தால் என்ன சொல்வது?

கேட்க உரிய அக்கறை உள்ளவரிடம் தீய எண்ணமின்றிச் சொல்வதற்குப் பொதுச் சட்ட மரபில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் கவனக்குறைவாகச் சொன்னாலும் பொறுப்பேற்க நேரிடும் என்று அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் அவை 1994 இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு, பணியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, வகித்த பதவி ஆகியவற்றை மட்டும் எழுதித் தருவதே பாதுகாப்பு என்று பல நிறுவனங்கள் கருதுகின்றன. நானும் என் கட்சிக்காரர்களுக்கு அதைத்தான் எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன்.