பழைய பாட்டு ஃபோன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புது இயர்போனைப் பழைய மியூசிக் ஃபோனில் செருகினால் வாத்தியங்கள் கேட்கின்றன. பாடுபவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது. ஃபோன் போய்விட்டதா?

ஃபோன் நன்றாகத்தான் இருக்கிறது. பிளக்கின் உலோக முனையை உற்றுப் பாருங்கள். அதில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால், இடது, வலது, கிரவுண்ட் (இரு பக்கத்துக்கும் பொதுவான திரும்புவழி), மைக் என்று நாலு இணைப்புகள் உண்டு. நுனியிலிருந்து முதல் இரண்டும் எல்லா ஃபோன்களிலும் ஒன்றுதான். தகராறு பின்னிரண்டில். பழைய ஃபோன்கள் பலவற்றில் ‘ஓஎம்டிபி’ முறைப்படி மூன்றாவது மைக், நாலாவது கிரவுண்ட். இப்போது வரும் ‘சிடிஐஏ’ இயர்போன்களில் அது தலைகீழ்.

கிரவுண்ட் சரியாகக் கிடைக்காதபோது, இடது பக்க ஒலிக்கும் வலது பக்க ஒலிக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். பாட்டைக் கலக்கும்போது குரலைப் பெரும்பாலும் நடுவில், இரு பக்கமும் சமமாக வைப்பார்கள். அதனால் குரல் கழிந்துபோய்விடுகிறது. ஓரத்தில் வைத்த வாத்தியங்கள் தப்பித்துக்கொள்கின்றன.

சோதித்துப் பார்ப்பது சுலபம். பாட்டு ஓடும்போது வயரில் இருக்கும் அழைப்புப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். பொத்தான் மைக்கையும் கிரவுண்டையும் இணைத்துவிடும். குரல் சட்டென்று திரும்பினால் காரணம் இதுதான். மைக் இல்லாத, இரண்டே வளையம் உள்ள இயர்போன் போட்டால் பிரச்சினை தீரும். மைக்கும் வேண்டுமென்றால் ஓஎம்டிபி–சிடிஐஏ மாற்றி ஒன்று வாங்க வேண்டும்.

கேள்வி: சோனி எரிக்சன் டபிள்யூ800-இல் 512 எம்பி கார்டு இருக்கிறது. எத்தனை பாட்டு பிடிக்கும்? 8 ஜிபி கார்டு போடலாமா?

நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் சேமித்த எம்பி3 என்றால் ஒரு நிமிடத்துக்கு 1 எம்பிக்குச் சற்றுக் குறைவு. 5 நிமிடப் பாட்டு 4.8 எம்பி, ஆக, சுமார் 100 பாட்டுகள். 320 கிலோபிட் என்றால் அதே பாட்டு 12 எம்பி, எண்ணிக்கை 40-ஐத் தாண்டுவது கஷ்டம். இந்த ஃபோனுக்கும் சாதாரண இயர்போனுக்கும் 192 கிலோபிட் போதும். அதற்கு மேல் கொடுப்பது இடத்துக்குத்தான் கேடு.

8 ஜிபி வேண்டாம். 2005-இல் வந்த இந்த ஃபோன் ஏற்கும் ‘மெமரி ஸ்டிக் ப்ரோ டுவோ’ வகைக் கார்டுக்கு 2 ஜிபிதான் உச்சவரம்பு. மைக்ரோஎஸ்டி போடும் அந்தக் காலத்து ஃபோன்களிலும் கிட்டத்தட்ட இதே கதை: 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎச்சி கார்டுகளுக்கான விதிமுறையே 2006-இல்தான் வந்தது. எந்தக் கார்டானாலும் ஃபோனுக்குள்ளேயே ஒருமுறை ஃபார்மேட் செய்துவிட்டுப் பாட்டை ஏற்றுங்கள்.

கேள்வி: பாட்டுக்கு நடுவே ‘டிட்-டிட்-டிட், டர்ர்ர்’ என்று இரைகிறது. அடுத்த நொடி அழைப்பு வருகிறது!

2ஜி ஃபோன் தொடர்ச்சியாகப் பேசாது. நொடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டு அலையை வீசும். அந்தத் துடிப்பு இயர்போன் வயரிலோ பக்கத்து ஸ்பீக்கரின் ஆம்ப்ளிஃபையரிலோ ஏறினால் அதுவே இரைச்சலாகக் கேட்கும். மணி அடிக்கும் முன்பே கோபுரத்தோடு பேச்சு தொடங்கிவிடுவதால் உங்களுக்கு முன்னறிவிப்பு மாதிரி தோன்றுகிறது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். பாட்டு மட்டும் போதுமென்றால் ஃபோனை இயக்கும்போது ‘மியூசிக் மட்டும்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். பேட்டரிக்கும் லாபம்: டபிள்யூ800-க்கு நிறுவனம் சொன்ன கணக்கு, ஃபோன் இயங்கும்போது 15 மணி நேரம், அணைத்தால் 30.

கேள்வி: 2 மெகாபிக்சல் கேமராவில் படங்கள் மங்கலாகவே வருகின்றன.

முதலில் லென்ஸ் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். பாதிப் புகார்கள் அதோடு முடிந்துவிடும். அடுத்து, உங்களுடையது ஆட்டோஃபோகஸா என்று பாருங்கள். டபிள்யூ800-இல் உண்டு: பொத்தானைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் கிடைக்கும்வரை பொறுத்து, பிறகு முழுதாக அழுத்த வேண்டும். ஒரேயடியாக அழுத்துகிறவர்களுக்குத்தான் மங்கல். ஆட்டோஃபோகஸ் இல்லாத ஃபோனில் அரை மீட்டருக்குள் இருக்கும் எதுவும் தெளிவாக விழாது. பக்கத்திலிருந்து ரசீதைப் படமெடுக்கும் முயற்சியை விட்டுவிடுங்கள். எல்ஈடி விளக்கை ஃபிளாஷ் என்று நம்பாதீர்கள், ஒரு மீட்டருக்கு மேல் அதற்குத் தெம்பில்லை. 1600 × 1200 படம் 5 × 4 அங்குல அச்சுக்கு அருமையாக வரும். அதற்கு மேல் பெரிதாக்கினால் பிசிறு தெரியும்.

கேள்வி: பாட்டின் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. சில பாட்டுகள் பட்டியலிலேயே இல்லை.

கட்டங்களுக்குக் காரணம், ஃபோனில் தமிழ் எழுத்துரு இல்லாதது. பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்றுங்கள். கோப்பின் பெயரை மாற்றினால் போதாது. ப்ளேயர் படிப்பது பாட்டுக்குள் இருக்கும் ஐடி3 குறிப்பை. அதை 2.3 பதிப்பாகச் சேமியுங்கள். 2.4 பல பழைய ப்ளேயர்களுக்குப் புரியாது. காணாமல் போன பாட்டுகளின் வடிவத்தைப் பாருங்கள், ஃபிளாக் (.flac) கோப்பாக இருந்தால் எம்பி3 ஆக்க வேண்டும்.

கேள்வி: வயரில்லாமல் எஃப்எம் கேட்க முடியுமா?

முடியாது. இயர்போன் வயர்தான் ஆன்டெனா. ஸ்பீக்கரில் கேட்டாலும் வயர் செருகியே இருக்க வேண்டும்.

கேள்வி: பல வருடம் அலமாரியில் கிடந்த ஃபோன். சார்ஜ் போடலாமா?

பேட்டரியைக் கழற்றிச் சமதளத்தில் வைத்துச் சுற்றிவிடுங்கள். பம்பரம்போலச் சுழன்றால் நடுவில் உப்பியிருக்கிறது: சார்ஜ் போடாமல், குத்தாமல், பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். தட்டையாக இருந்தால் தொடுமுனைகளை ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலரவிட்டு, கண்ணெதிரிலேயே சார்ஜ் போடுங்கள். அரை மணி நேரம் திரையில் எதுவும் வராமல் இருக்கலாம், கவலை வேண்டாம். கை பொறுக்காத அளவுக்குச் சூடானால் உடனே பிடுங்கிவிடுங்கள்.