மழைக்காலத்தில் குதிரைக்குப் போர்வை வேண்டுமா?

குதிரைக்குப் போர்வை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்; அதன் குளம்பு நாறுவதாகவும் எழுதியிருந்தீர்கள். போர்வை வாங்க வேண்டாம். தாங்கள் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டத் தோவாளையில் மார்கழி இரவுகளில்கூடக் கடுங்குளிர் இல்லாததால், உடல்நலமுள்ள குதிரைக்கு அதன் உரோமமே போதும். நனைந்த போர்வையோ தோலில் புண்ணை வரவழைக்கும்.

தாங்கள் குறிப்பிட்ட குளம்பு நாற்றம்தான் எனக்குக் கவலையளிக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் லாயத்தின் தரை சேறும் சிறுநீருமாக ஊறிக் கிடப்பதால், குளம்படியின் மென்மையான முக்கோணப் பகுதி அழுகத் தொடங்கியிருக்கலாம். இன்றே குதிரையின் காலைத் தூக்கி, சேற்றைச் சுரண்டியெடுத்து, அப்பகுதியின் நடுப்பள்ளத்தைப் பாருங்கள். நாற்றத்துடன் கரிய கசிவு இருந்தால் பெரும்பாலும் அதுவே காரணம். தினமும் குளம்பைச் சுத்தம் செய்து, உலர்ந்த மரத்தூளைப் பரப்புங்கள். பூஞ்சை பிடித்த வைக்கோலைப் படுக்கையாகவும் தீனியாகவும் இட வேண்டாம்.

குதிரை நொண்டினாலோ கால் வீங்கினாலோ கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆணி குத்தியிருந்தால் டெட்டனஸ் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.