உள்ளூர்க்காரரா, வெளிநாட்டவரா?

கேள்வி: புதுப் பயிற்சியாளர் பேச்சு எடுத்தாலே எங்கள் மாமாக் கடை மேசை இரண்டாகிவிடுகிறது. ஐரோப்பியர் வந்தால்தான் பினாங்கு கால்பந்து அணி தேறும் என்கிறார் என் அண்ணன். நான் உள்ளூர்க்காரர் பக்கம். நீங்கள்?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அண்ணன் சொல்வதைத் தள்ளிவிட முடியாது, தம்பி. 2021இல் செக் நாட்டு தாமஸ் துருகா, அப்போதுதான் மலேசியாவின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்குக்கு ஏறியிருந்த பினாங்கை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். சரி, ஏற்றிவிட்டது யார்? 2020இல் அதற்கு அடுத்த நிலையான பிரிமியர் லீக்கை வென்று தந்த மன்சூர் அஸ்விரா. நம்மூர்க்காரர்தான்.

நான் உங்கள் பக்கம். காரணம், மலேசிய தேசிய அணிக்குப் பயிற்சியாளராக இருந்த கே. ராஜகோபால். 2010 டிசம்பர் 1, தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 5-1 என்று உதை வாங்கினோம். அன்றே அவரைத் தூக்கச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். அதே மாதம் 26ஆம் தேதி, புக்கிட் ஜாலிலில் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம், அதே இந்தோனேசியா, 3-0! பினாங்கிலிருந்து பஸ் பிடித்துப் போயிருந்தேன். சஃபி சாலியின் இரண்டாவது கோல் விழுந்ததும், பக்கத்து இருக்கைப் பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஜகார்த்தாவில் இரண்டாம் ஆட்டத்தில் 2-1 தோற்றும், இரண்டையும் கூட்டி 4-2 என்று கிண்ணம் நமக்கே வந்தது.

அண்ணனிடம் ஒன்று கேளுங்கள்: அவர் சொல்லும் ஐரோப்பியர் முதல் ஆட்டத்தில் 5-1 தோற்றால், எத்தனை வாரம் பொறுப்பார்?