மாஸ்டர் போனால் கலவையும் போகுமா?

கேள்வி: ராணிப்பேட்டையில் டேனரி (தோல் பதனிடும் ஆலை) நடத்துகிறேன். எங்கள் சாயக் கலவைக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) இல்லை. கலவை தெரிந்த சாய மாஸ்டர் வேறு இடத்துக்குப் போகிறார். தடுக்க முடியுமா? கலவையைச் சொத்தாகக் காட்டலாமா?

பதில்: ஆளைத் தடுக்க முடியாது. ‘விலகியபின் வேறு டேனரியில் சேரக்கூடாது’ என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ம் பிரிவுப்படி அது செல்லாது. ரகசியத்தை வெளியிடமாட்டேன் என்ற ஒப்பந்தம் செல்லும். ஆனால் ‘எல்லா ரகசியங்களும்’ என்று பொதுவாக எழுதினால் கோர்ட்டில் நிற்பது கடினம். எந்தக் கலவை, அதை எழுதிவைத்த எந்தத் தேதியிட்ட ஏடு என்று குறிப்பிடுங்கள்.

பெரும்பாலும் ரகசியம் கசிவது, தோலுக்குச் சாயமேற்றும் சுழல் பீப்பாயான டிரம் பக்கத்தில் ஒட்டிய தாளில்தான். ஷேவிங் எடையில் (சீவிச் சமன்செய்த பிறகு தோலின் எடை) 3 சதவீதம் சாயம், அதாவது 500 கிலோ தோலுக்கு 15 கிலோ, எத்தனை நிமிட ஓட்டம், சாயத்தைப் பிடிக்கவைக்கும் ஃபார்மிக் ஆசிட் எத்தனை தவணை என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு செல்போன் போதும்! சாயத்தைப் பூட்டிய அறையில் எடைபோட்டு, ‘கே-4’ போன்ற குறியீட்டுடன் பையில் கட்டி அனுப்புங்கள். குறியீட்டு ஏடு உங்களிடம் இருக்கட்டும். கெமிக்கல் சப்ளையருக்குப் பில்லே பாதிக் கதையைச் சொல்லிவிடும். முக்கியச் சரக்கை இரண்டு கடைகளில் பிரித்து வாங்குங்கள்.

உங்கள் தோலை வாங்கிச் சோதித்து ஒருவர் சாயக் கலவையைக் கண்டுபிடித்தால், அது திருட்டல்ல.

நீங்களே உருவாக்கிய கலவைக்கு இஷ்டத்துக்கு விலைபோட்டு பேலன்ஸ் ஷீட்டில் ஏற்ற முடியாது. யூனிட்டை விற்கும்போதும் லைசென்ஸ் தரும்போதும் அதற்குத் தனி விலை பேசலாம். அப்போது அந்த ஏட்டைத்தான் கேட்பார்கள்.