சீட்டுக் காசுக்கு வழக்குப் போட முடியாதா?

கேள்வி (சுருக்கம்): நானும் கணவரும் 2022இல் கனடாவுக்கு வந்தோம். வேலை அனுமதியில் இருக்கிறோம், நிரந்தர வதிவிடத்துக்கு (பி.ஆர்.) விண்ணப்பித்திருக்கிறோம். ஸ்காபரோவில் எங்கள் ஊர் அக்கா ஒருவர் பிடித்த கழிவுச் சீட்டில் (மாதாமாதம் சேரும் காசை, அதிகம் கழிக்க ஒத்துக்கொள்பவர் எடுப்பார், அந்தக் கழிவு மற்றவர்களுக்குப் பங்காகும்) 2024 ஒக்டோபரில் சேர்ந்தேன். 20 பேர், மாதம் 1,000 டொலர், முழுச் சீட்டு 20,000 டொலர். 13 மாதம் கட்டினேன். கழிவு போக நான் கொடுத்தது 11,400 டொலர். பாதிக்கு மேல் இ-டிரான்ஸ்ஃபரில் அனுப்பினேன், மிச்சத்தைக் கையில் கொடுத்தேன். கடைசியில் எடுத்தால் கழிவில்லாமல் கிடைக்கும் என்று இன்னும் எடுக்கவில்லை. 2025 நவம்பரில் இருந்து சீட்டு நடக்கவில்லை. "எடுத்த இரண்டு பேர் கட்டாமல் விட்டுவிட்டார்கள், நான் என்ன செய்வது" என்கிறார். வழக்குப் போடுவேன் என்றதற்கு, "இந்த நாட்டில் சீட்டே சட்டவிரோதம். வழக்குப் போட்டால் நீயும் மாட்டுவாய், உனக்கு பி.ஆர். கிடைக்காது" என்றார். கையெழுத்து வாங்கிய தாள் ஒன்றும் இல்லை. முகநூலில் போடச் சொல்கிறார் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, உங்களை இரவில் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்த பி.ஆர். பேச்சுத்தான் என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் புரிந்தது. ஆகவே அதை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஒருவரிடம் வரவேண்டிய காசைக் கேட்டு ஒன்ராறியோவில் வழக்குப் போடுவது உரிமையியல் விவகாரம். கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் அது விண்ணப்பத்தை மறுப்பதற்கான காரணம் அல்ல. வேலை அனுமதியில் இருப்பவருக்கும் குடியுரிமை உள்ளவருக்கும் அந்த நீதிமன்ற வாசல் ஒன்றுதான். புதிதாக வந்தவர்களின் வாயை அடைக்க இந்தப் பேச்சை நம்மவர்களே பயன்படுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது.

"சீட்டே சட்டவிரோதம்" என்பதும் சரியல்ல. இலங்கையில் 1935ஆம் ஆண்டிலேயே சீட்டுக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. இந்தியாவில் 1982ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒன்ராறியோவில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. அதனால் சீட்டு குற்றமாகிவிடாது, அது ஒரு சாதாரண ஒப்பந்தமாகிறது. வாய்ப்பேச்சில் செய்த ஒப்பந்தமும் இங்கே ஒப்பந்தம்தான். அதை நிரூபிக்கும் பாரம் மட்டும் உங்கள் தோளில் கூடுதலாக விழும்.

கழிவுச் சீட்டில் கவனிக்க வேண்டிய ஒரே சட்டச் சிக்கல் வட்டி. கனடாவின் குற்றவியல் சட்டக்கோவை, 2025 ஜனவரி 1 முதல் ஆண்டுக்கு 35 வீதத்தைத் தாண்டும் வட்டியைக் குற்றமாக்குகிறது. 20,000 டொலர் சீட்டை இரண்டாம் மாதமே 6,000 டொலர் கழித்து ஒருவர் எடுத்தால், அவர் உண்மையில் கொடுக்கும் வட்டி அந்த எல்லையை நெருங்கவோ தாண்டவோ கூடும். அதை அந்த அக்காவின் சட்டத்தரணி ஒரு வாதமாக எழுப்பலாம். எழுப்பினாலும் உங்கள் காசு மூழ்கிப்போகாது. வட்டி எல்லை மீறியது என்பதற்காக ஒப்பந்தம் முழுவதையும் தூக்கி எறியத் தேவையில்லை, மிகையான வட்டியை மட்டும் வெட்டிவிடலாம் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2004இலேயே சொல்லிவிட்டது. உங்கள் கையிலிருந்து போன 11,400 டொலர் வட்டி அல்ல, உங்கள் முதல். கழிவால் உங்களுக்குச் சேர்ந்த 1,600 டொலர் பற்றித்தான் யாராவது வாதாட முடியும். வழக்கில் 13,000 டொலரைக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் 11,400 டொலராவது வேண்டும் என்று மாற்றுக் கோரிக்கையாக எழுதுங்கள்.

இந்த வழக்கின் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது. எடுத்த இரண்டு பேர் கட்டவில்லை என்றால் அந்த நட்டம் யாருடையது? அக்காவுடையதா, உங்களுடையதா?

ஊரில் சீட்டுப் பிடித்தவர்களிடம் இதைக் கேட்டால் தயங்காமல் பதில் சொல்வார்கள். முதற் சீட்டைத் தாச்சி, அதாவது சீட்டுப் பிடிப்பவர், கழிவில்லாமல் எடுப்பது எதற்காக? மாதம் மாதம் காசு சேர்ப்பதற்கும், யாராவது கட்டத் தவறினால் தன் கையிலிருந்து போட்டுச் சீட்டை நடத்துவதற்கும் கிடைக்கும் கூலி அது. உங்கள் சீட்டில் 2024 ஒக்டோபரில் முதற் சீட்டை அவர் முழுதாக எடுத்தாரா என்று நீங்கள் சீட்டுக் கணக்கு எழுதிவைத்த கொப்பியைப் பாருங்கள். எடுத்திருந்தால் அந்த ஒரு வரி உங்களுக்குப் பத்துச் சாட்சிக்குச் சமம். கூலியை வாங்கியவர் பொறுப்பை மட்டும் தள்ளிவிட முடியாது.

இங்கே ஒரு சொல்லில் கவனமாக இருங்கள். "அக்கா மற்றவர்களுக்குப் பிணை நின்றார்" என்று எங்கும் எழுத வேண்டாம். இன்னொருவரின் கடனுக்குப் பிணை நிற்கும் வாக்குறுதி எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று ஒன்ராறியோவில் ஒரு பழைய சட்டம் இருக்கிறது. உங்களிடம் எழுத்து இல்லை. "நான் காசு கொடுத்தது அவரிடம், என் முறை வரும்போது சீட்டுத் தொகையைத் தருவதாகச் சொன்னவரும் அவர்" என்று எழுதுங்கள். அப்போது அது அவருடைய சொந்தக் கடன். ஓடியவர்களிடம் காசு வாங்குவது அவர் பாடு. நடந்ததும் இதுதான் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. ஓடிய அந்த இருவரின் முகத்தைக்கூட நீங்கள் பார்த்ததில்லை என்று கடிதத்தின் அடியில் எழுதியிருந்தீர்கள், அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

எழுத்து ஒன்றும் இல்லை என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு இ-டிரான்ஸ்ஃபருக்கும் வங்கியில் திகதியோடு பதிவு இருக்கிறது. கையில் கொடுத்த மாதங்களில், அதற்கு ஓரிரு நாள் முன்பு வங்கி இயந்திரத்தில் காசு எடுத்திருப்பீர்கள். அந்த அறிக்கைகளை எடுத்து, எந்த எடுப்பு எந்த மாதச் சீட்டுக்கு என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் "இந்த மாதம் 870" என்று அவர் அனுப்பிய ஒற்றை வரிகூடப் பெறுமதியானது. திரையைப் படம் பிடிப்பதோடு நின்றுவிடாமல் முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வையுங்கள், இடையில் வெட்டிவிட்டீர்கள் என்று யாரும் சொல்ல இடம் இருக்காது. அவருடைய குரல் பதிவுகளை அழிக்க வேண்டாம். சீட்டில் இருந்த மற்றவர்களில் இரண்டு பேராவது சாட்சி சொல்ல வருவார்களா என்று கேளுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டு ஒழுங்காகக் கட்டிவந்தவர் ஒருவர் வந்தால் மிக நல்லது, அவருக்கு இதில் ஆதாயம் எதுவும் இல்லை என்பது நீதிபதிக்குத் தெரியும்.

இனி நாள் கணக்கு. இதில்தான் நம்மவர்கள் அதிகம் தோற்கிறார்கள். ஒன்ராறியோவில் இத்தகைய வழக்குக்குக் காலவரையறை இரண்டு ஆண்டுகள். சீட்டு நின்றது 2025 நவம்பரில். நீங்கள் கேட்டு அவர் மறுத்த நாளில் இருந்துதான் எண்ண வேண்டும் என்றும் வாதாடலாம், ஆனால் அந்த வாதத்தை நம்பி இருக்க வேண்டாம். 2027 நவம்பருக்கு முன் வழக்குப் பதிவாகியிருக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். "தைப்பொங்கலுக்குத் தருகிறேன், வீடு விற்றதும் தருகிறேன்" என்று இரண்டு ஆண்டுகளை ஓட்டிவிட்டு, பிறகு "காலம் கடந்துவிட்டது" என்று நீதிமன்றத்தில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உறவுக்காகப் பொறுத்திருந்தேன் என்பது அங்கே பதிலாகாது. அவர் தவணை கேட்டால், "இன்னாருக்கு இவ்வளவு தரவேண்டியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். காலவரையறை முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால், இரண்டு ஆண்டுகள் அந்த நாளில் இருந்து புதிதாகத் தொடங்கும்.

முதலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். நீளம் வேண்டாம், கோபமும் வேண்டாம். சீட்டில் சேர்ந்த மாதம், கட்டிய மாதங்கள், மொத்தத் தொகை, எந்தத் திகதிக்குள் தர வேண்டும், தராவிட்டால் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் வழக்குப் பதிவு செய்வேன் என்பது. அவ்வளவுதான். 15 நாள் தவணை கொடுத்தால் போதும். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்தில் பொலிஸ் என்ற சொல் வரவே கூடாது. "காசு தராவிட்டால் பொலிஸுக்குப் போவேன்" என்று மிரட்டிக் காசு கேட்பது மிரட்டிப் பறித்தல் என்ற குற்றச்சாட்டாக உங்கள் மீதே திரும்பலாம். வழக்குப் போடுவேன் என்று சொல்லலாம், அதைச் சட்டமே அனுமதிக்கிறது. பொலிஸுக்குப் போக உண்மையான காரணம் இருந்தால், மிரட்டாமல் நேரே போய் முறைப்பாடு கொடுங்கள். இல்லாத ஆட்களின் பெயரைப் போட்டுச் சீட்டை அவரே எடுத்திருந்தால், அல்லது காசு தரும் எண்ணம் தொடக்கத்தில் இருந்தே இல்லாதிருந்தால், அது மோசடி. வெறுமனே சீட்டு உடைந்தது என்றால் "இது உரிமையியல் விவகாரம்" என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முகநூலும் வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் "கள்ளி" என்று ஒரு சொல் எழுதினால் அவதூறு வழக்குக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டு இருப்பீர்கள், உங்கள் 11,400 டொலர் பின்னால் போய்விடும். ஊரில் இருக்கும் அவருடைய தாய் தகப்பன் வீட்டுக்கு ஆள் அனுப்புவதும் அப்படித்தான்.

சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தின் எல்லை 2025 ஒக்டோபர் 1 முதல் 35,000 டொலரில் இருந்து 50,000 டொலராக உயர்ந்திருக்கிறது. உங்கள் தொகை அதற்குள் வசதியாக அடங்கும். இணையத்தில் பதிவு செய்யலாம், வருமானம் குறைவென்றால் கட்டண விலக்கும் கேட்கலாம். வழக்குத் தாள் அவர் கையில் கிடைத்த நாளில் இருந்து 20 நாட்களுக்குள் அவர் பதில் போட வேண்டும். போடாவிட்டால் விசாரணை இல்லாமலே தீர்ப்புக் கேட்க முடியும். போட்டால் சமரசக் கூட்டம் ஒன்று நடக்கும். பெரும்பாலான சீட்டு வழக்குகளுக்கு அதுவே நல்ல இடம் என்று நினைக்கிறேன். அங்கே ஒரு நீதிபதி இருக்கும்போது "சீட்டே சட்டவிரோதம்" என்று யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. சட்டத்தரணிதான் வேண்டும் என்றில்லை, சிறு வழக்குகளை நடத்த உரிமம் பெற்ற பராலீகல் போதும். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாக 30 நிமிட ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். உங்களைப் போல எடுக்காமல் மிஞ்சியிருக்கும் மற்றவர்கள் தனித்தனியே வழக்குப் போடலாம், ஒரே நாளில் போட்டால் இன்னும் நல்லது.

தீர்ப்பு வாங்குவது ஒன்று, காசு வாங்குவது இன்னொன்று. அவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார் என்றால், சம்பளத்தில் 20 வீதம் வரை பிடிக்க உத்தரவு வாங்கலாம். வீடு அவர் பெயரில் இருந்தால் அதன் மீது தீர்ப்பைப் பதிந்து வைக்கலாம், விற்கும்போதோ மோர்ட்கேஜை மாற்றும்போதோ உங்கள் கடன் குறுக்கே நிற்கும். ஆகவே இப்போதே ஒன்ராறியோவின் இணையக் காணிப் பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டி அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சீட்டு உடைந்த பிறகு மகன் பெயருக்கு மாற்றியிருந்தால், கடன் வரவேண்டியவரை ஏமாற்றச் செய்த கைமாற்றத்தை இரத்துச் செய்யவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அவர் வங்குரோத்து ஆனதாக அறிவித்தால் பெரும்பாலான கடன்கள் அழிந்துபோகும், ஆனால் பொய் சொல்லி மோசடியாக வாங்கிய காசு அழியாது. அதனால் அவர் சொன்ன பொய்கள் எவையென்று உறுதியாகத் தெரிந்தால் வழக்குத் தாளிலேயே அவற்றை எழுதுங்கள்.

சீட்டில் சேர்ந்ததற்காக உங்களை நீங்களே திட்டிக்கொண்டு ஒரு பந்தி எழுதியிருந்தீர்கள். அதை நான் ஏற்கவில்லை. கடன் வரலாறு இல்லாத புதியவருக்கு வங்கி கைவிரிக்கும்போது, பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒருவரை ஒருவர் தூக்கிவிட்ட ஏற்பாடு இது. எத்தனையோ பேரின் முதல் வாகனமும் தங்கையின் விமானச் சீட்டும் இப்படித்தான் வந்தன. ஆனால் வங்கியில் போட்ட காசுக்கு 100,000 டொலர் வரை இருக்கும் வைப்புக் காப்புறுதி சீட்டுக்கு இல்லை. தாச்சியின் வாக்குத்தான் இங்கே காப்பு. அந்த வாக்கை அடுத்த முறை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

வரும் மாதத்துக் காசை அவர் கேட்டால் கொடுக்க வேண்டாம். கொப்பியின் எல்லாப் பக்கங்களையும் இன்றிரவே படம் எடுத்துக் கணவரின் தொலைபேசிக்கும் அனுப்பிவிடுங்கள். கடிதத்தை நாளை எழுதலாம்.